இலக்கை நோக்கிப் போகாத புகை

நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஒரு குளிர்காலம் முழுக்க. அந்தக் கையெழுத்தால் செல்வி என்ற பெண்ணின் வலது கை கெட்டது. பிறகு அவள் நியாயம் கேட்டு வந்த இடத்திலும் அந்தக் கையெழுத்து சரியானதுதான் என்று சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால், இடையில் நான் சொல்லப்போகும் காரணங்களைப் படித்துவிட்டு நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக்கூடும்.

உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் கூடங்களில் ரேஞ்ச் ஆபீசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். துப்பாக்கியை எப்படி வாங்கிச் சோதிப்பது, எப்போது சுட அனுமதிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. உங்கள் மேஜைமேல் ஒருவர் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு "கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்று கேட்கும்போது என்ன செய்வது என்பது அதில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்யவில்லை.

நான் வேதியியல் படித்தவன். விமானப்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வெடிபொருள் கிடங்குகளில் வேலை பார்த்தேன். மனைவிக்கு மத்திய அரசு வேலை, லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். அதனால் படையிலிருந்து வந்த பிறகும் டெல்லியிலேயே தங்கி, தெற்கு டெல்லியில் இருந்த ஒரு ரேஞ்சில் சேர்ந்தேன்.

அங்கே இருபத்தைந்து மீட்டர் கூடம் ஒன்று. சுடுபவர்களுக்கு எதிரே இலக்குகள். அவற்றுக்குப் பின்னால் இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் மூன்று பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள். வாசலில் விதிப்பலகை. சிறிய .22 தோட்டாக்களை மூன்று ஃபேன்களும் ஓடும்போது மட்டும் சுடலாம். மேலுறை இல்லாத வெறும் ஈயக் குண்டு வைத்த .32 தோட்டாக்களை இந்தக் கூடத்தில் எப்போதுமே சுடக் கூடாது. திறந்தவெளி ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும். காரணம் எளிது. பெரிய ஈயக் குண்டு இரும்பில் மோதிப் பொடியாகிறது. திறந்தவெளியில் அந்தப் பொடி காற்றோடு போய்விடும். மூடிய கூடத்தில் அங்கேயே மிதந்து அங்கேயே படியும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தலைமை ரேஞ்ச் ஆபீசராக இருந்த பெண்மணி. தினமும் காலையில் ஃபேன்களைப் போட்டுவிட்டு, சுடும் கோட்டில் நின்று ஒரு ஊதுபத்தியைக் கொளுத்துவார். புகை நேராக இலக்கை நோக்கிப் போக வேண்டும். மேலே எழும்பினாலோ முகத்துக்குத் திரும்பினாலோ அன்று தோட்டா கிடையாது, ஏர் ரைஃபிள் மட்டும்தான். பலர் இதைப் பூஜை என்று நினைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்பார்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமைதோறும் லட்டு கொண்டுவந்தார். மேடம் அதையும் வாங்கிச் சாப்பிட்டார், எதையும் விளக்கவில்லை.

ஒருமுறை சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்த பெரிய அதிகாரி, சொந்தக் கைத்துப்பாக்கியும் ஒரு பெட்டி .32 ஈயத் தோட்டாவுமாக வந்து நின்றார். மேடம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது" என்றார் அதிகாரி.

"உங்களுக்கு இருக்கிறது சார். என் கூடத்துக் காற்றுக்கு இல்லை."

அவர் யார் யாருக்கோ போன் செய்தார். மேடம் டீ வரவழைத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் மேடம் என்னிடம் சொன்னார்: "ஒருபோதும் காரணம் சொல்லாதீர்கள். கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதிலோடு வருவார்கள்."

இரண்டு ஆண்டுகளில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது. ஊதுபத்தியும் வந்தது.

அந்த ஆண்டு தீபாவளி முடிந்த வாரத்தில் மூன்று ஃபேன்களில் இரண்டின் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதற்குள் நவம்பர் புகைமூட்டம் டெல்லியை மூடிவிட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை. வெளி விளையாட்டுகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு. திறந்தவெளி ரேஞ்சையும் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு பயிற்சியாளர் என் மேஜைமேல் கைகளை ஊன்றி நின்றார். ஹரியானாக்காரர், உரத்த குரல், நல்ல மனிதர். எட்டுப் பேருக்கு .32 பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் அணித் தேர்வு. எங்கள் கூடத்தைக் கேட்டார். பேச்சு இந்தியில்தான் நடந்தது.

"இந்தத் தோட்டா உள்ளே கூடாது. ஈயப் பொடி மூச்சில் போகும்" என்றேன்.

"அரே சாப், வெளியே காத்தே விஷம். பசங்க இருமிக்கிட்டு கிடக்காங்க. உள்ளே உங்க ஈயம் கொஞ்சூண்டு. எது மேல்? நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க."

"இரண்டு ஃபேன் ஓடவில்லை."

"ஏர் ப்யூரிஃபையர் கொண்டு வர்றேன்."

"வீட்டுக்கு வைக்கிற ப்யூரிஃபையர் இதற்குப் போதாது."

"ரெண்டு கொண்டு வர்றேன்."

மேடம் சொன்னது புரிகிறதா? நான் காரணம் சொல்லச் சொல்ல அவரிடம் பதில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில், பின்னால் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார். "இவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அணியில் வந்தா ரயில்வேயில வேலை. வரலேன்னா ஊருக்குப் போய்க் கல்யாணம். நீங்க சொல்லுங்க அவகிட்ட, முடியாதுன்னு."

நான் அவளிடம் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

ப்யூரிஃபையர்கள் வந்தன. முதல் நாள் பத்து நிமிடத்தில் இரண்டிலும் காற்று மோசம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பிள்ளைகள் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "கவனம் சிதறுது சாப்" என்றார் பயிற்சியாளர். நான் எழுந்துபோய் இரண்டையும் விளக்கு சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானே செய்தேன்.

மறுநாள் காலை ஊதுபத்தியைக் கொளுத்தினேன். புகை ஒரு முழம் மேலே போய், தயங்கி, என் முகத்துக்கே திரும்பியது. பதிவேட்டைத் திறந்து, "எக்ஸாஸ்ட்: மூன்றும் ஓடுகின்றன. தோட்டா: .22 மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து ஊதுபத்தியைச் சுடும் கோட்டில் கொளுத்தவில்லை. கவுன்டரில் இருந்த அனுமன் படத்துக்கு முன்னால் செருகி வைத்தேன். வாசனை வந்ததால் எல்லாரும் சோதனை முடிந்தது என்று நினைத்தார்கள். சில நாளில் நானும் அப்படியே நினைக்கப் பழகினேன்.

அந்தக் கூடத்தைக் கூட்டியவள் செல்வி. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டெல்லியிலேயே பிறந்தவள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள். காண்ட்ராக்டர் மூலம் வந்ததால் எங்கள் பட்டியல் எதிலும் அவள் பெயர் இல்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கூட்டுவாள்.

"இன்னா சார் இவ்ளோ தூளு?" என்று கேட்டாள் ஒரு நாள். "சாம்பலு மாதிரி இருக்குது. ஜாடூவால கூட்டினா மேல எழும்பி மூஞ்சில உக்காருது."

"பசங்க நிறைய சுடறாங்கம்மா."

"நல்லா சுடட்டும். மெடல் வந்தா இந்த செல்விக்கு ஒரு மிட்டாய் குடுக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்கோ."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் முகக்கவசம் போட்டிருந்தேன். யாராவது கேட்டால், "வெளியே மாசு" என்றேன். கூடத்துக்குள் நுழையும்போதுதான் அதை மூக்கின்மேல் அழுத்திக்கொள்வேன். என் இழுப்பறையில் ஒரு பெட்டி முழுக்க இருந்தது. அவளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். அதனால் கொடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வயித்த முறுக்குது சார். வாயில எப்பப் பாத்தாலும் இரும்ப நக்கின மாதிரி இருக்குது."

வேதியியல் படித்தவனுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. "வெளியே கண்டதைச் சாப்பிடாதே" என்றேன்.

பிப்ரவரியில் தேர்வு முடிந்தது. கடைசி வாய்ப்பு என்று சொன்ன அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் அணிக்குத் தேர்வானார்கள். பிள்ளைகள் பர்ஃபி கொண்டுவந்தார்கள். செல்விக்கும் நீட்டினார்கள். இடது கையால் வாங்கினாள். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சில், துடைப்பம் பிடிக்க முடியவில்லை என்று காண்ட்ராக்டர் அவளை நிறுத்திவிட்டார். காரணம் தெரிந்தும் நான் தடுக்கவில்லை.

ஓர் அரசு மருத்துவமனையில் இளம் பெண் டாக்டர் ஒருவர்தான் ரத்தத்தைச் சோதித்து, கை நரம்பைக் கெடுத்தது ஈயம் என்று கண்டுபிடித்தார். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார். செல்வி எங்கள் ரேஞ்சைச் சொல்லியிருக்கிறாள். வேலையால் வந்த நோய் என்று தீர்ப்பானால் அவளுக்குத் தொடர்ந்து சிகிச்சை கிடைக்கும், கை வராவிட்டாலும் பிழைக்க வழி இருக்கும். இல்லையென்றால் எதுவும் இல்லை. விசாரணை அதற்காகத்தான். ரேஞ்ச் தரப்பில் சாட்சி நான்.

விசாரணை அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "மூன்று ஃபேனும் ஓடியிருக்கிறது. .22 மட்டும் சுட்டிருக்கிறார்கள். இது சரிதானா?"

"பதிவேட்டில் உள்ளபடிதான்" என்றேன்.

மோட்டார் எரிந்ததைப் பற்றி நான் எழுதிய கடிதத்தின் நகல், அப்போது என் மடியிலிருந்த பைக்குள் இருந்தது. எந்தப் பக்கம் பேசுவது என்று முடிவு செய்யாமலேயே எடுத்துவந்திருந்தேன். பையைத் திறக்கவில்லை.

வீட்டில் பழைய பெயின்ட் இருக்கலாம், மட்டமான குங்குமமாக இருக்கலாம், பக்கத்துத் தெருவில் பேட்டரி உடைக்கிறார்கள் என்றெல்லாம் ரேஞ்சின் வக்கீல் அடுக்கினார். செல்வி எழுந்து இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "சாப், அப்போ நான் தினம் ரெண்டு வேளை அங்கே அள்ளினது என்ன? மண்ணா?" அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். மனு தள்ளுபடி ஆனது.

அதற்குப் பிறகு ஓராண்டு வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காபிப் பொடி வாங்கப் போனேன். வழக்கமான கடையில் கூட்டம். அடுத்த கடையில் நுழைந்தேன். கவுன்டருக்குப் பின்னால் செல்வி.

"வாங்க சார். காபிப் பொடியா? சிக்கரி போட்டதா, போடாததா?"

இடது கையால் அள்ளி நிறுத்தாள். பிளாஸ்டிக் பையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுநுனியை இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத ஆள் நான்.

"இருக்குது சார். எங்க போனாலும் கூடவே வருது. வேலைக்கு மட்டும் வர மாட்டேங்குது." பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். பொடிக்கு நல்ல டப்பாவாகப் பார்த்து வையுங்கள், இல்லையென்றால் வாசனை போய்விடும் என்று சொல்லி அனுப்பினாள்.

பையில் அந்த முடிச்சில் பல் பதிந்த அடையாளம் இருந்தது. என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. மூன்று நாள் அப்படியே மேஜைமேல் கிடந்தது. நான்காம் நாள் ஒரு வக்கீலிடம் போய், பதிவேடு பொய் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். கடித நகலையும் சேர்த்தேன். செல்வியின் தரப்பில் மேல்முறையீட்டுக்கு அது போதுமாக இருந்தது.

விஷயம் தெரிந்ததும் பயிற்சியாளர் போன் செய்தார். "சாப், ரிட்டயர் ஆயிட்டீங்க. எதுக்குக் கிளர்றீங்க? அந்தப் பொண்ணு இன்னிக்கு ரயில்வேயில சம்பளம் வாங்குறா. அதையும் நீங்கதான் குடுத்தீங்க. அதை மறந்துடாதீங்க."

அவர் சொன்னது உண்மை. பல நாட்கள் என்னை நானே அதைச் சொல்லித்தான் தூங்கவைத்திருந்தேன். ஆனால் அந்த வேலையை நான் என் கையிலிருந்து கொடுக்கவில்லை. செல்வியின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இதை அவரிடம் விளக்கவில்லை. "நான் சாட்சி சொல்லப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். மேடம் சொன்னதை ஒரே ஒரு முறையாவது கடைப்பிடித்தேன்.

மேல்முறையீட்டில் ரேஞ்சின் வக்கீல் என்னை நிற்கவைத்துக் கேட்டார். "அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

"அன்று சொன்னது."

"ஒருமுறை பொய் சொன்னவரை இப்போது ஏன் நம்ப வேண்டும்?"

"என்னை நம்ப வேண்டாம். கடித நகலில் நிர்வாகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இருக்கின்றன. அதை நம்புங்கள். மோட்டார் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். மார்ச்சுக்கு முன்னால் வாங்கியதாக ஒன்றும் கிடைக்காது."

கேட்டார்கள். கிடைக்கவில்லை. தீர்ப்பு செல்விக்குச் சாதகமானது. வேலையால் வந்த நோய் என்று எழுதினார்கள். கூடத்தைச் சில மாதங்கள் மூடி, புது ஃபேன்கள் போட்டு, விதிப்பலகையைப் பெரிய எழுத்தில் எழுதி மறுபடி திறந்தார்கள். என் ரேஞ்ச் ஆபீசர் தகுதியை ரத்து செய்தார்கள். முதல் விசாரணையில் பொய்ச் சாட்சி சொன்னதற்காக என்மேல் நடவடிக்கை தொடங்கியிருக்கிறது. அது நியாயம். வக்கீல் வைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு எதற்கு வக்கீல்? பழைய நண்பர்கள் பலர் போனை எடுப்பதில்லை. அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

கூடம் திறந்து பல மாதங்கள் கழித்துத்தான் தீர்ப்பின் நகலோடு கடைக்குப் போனேன். அவளிடம் ஏற்கெனவே இருந்தது. சிகிச்சையில் விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்தன. மணிக்கட்டு மட்டும் நிமிரவில்லை. நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். "செல்வி, எனக்குத் தெரியும். ஜனவரியிலேயே தெரியும். நீ வயிற்றுவலி என்று சொன்ன அன்றைக்கே தெரியும். என்னை மன்னி."

அவள் அப்பளக் கட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கேவா சார்?"

"ஆமாம்."

இன்னொரு கட்டை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள். "இப்போ அந்த ஹால்ல யாரு கூட்டுறா?"

எனக்குத் தெரியவில்லை. கடிதம், பிரமாணம், சாட்சி, தீர்ப்பு என்று எல்லாம் செய்து முடித்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. புது ஃபேன், புது பலகை என்று நான் திருப்தி அடைந்திருந்தேன். நான்கு மாதம் கிடந்த பொடி என்ன ஆனது, அதை யார் எதால் அள்ளினார்கள் என்று நான் கேட்கவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கணக்குப் பிழையைக் காட்டுவது போலச் சொன்னாள்.

மறுநாள் போனேன். கேட்டில் என்னை உள்ளே விடவில்லை, உத்தரவாம். வெளியே நின்றேன். மூன்று மணிக்கு, பிகாரிலிருந்து வந்த ராம்தீன் என்ற ஆள் துடைப்பமும் முறமுமாக வெளியே வந்தார். சட்டையெல்லாம் சாம்பல். உலர்ந்த துடைப்பத்தால்தான் கூட்டுகிறாராம். எட்டு மாதமாக. "இதெல்லாம் ஈயம்" என்று சொன்னேன். முகக்கவசம் போட்ட ஒரு கிழவன் கேட்டில் வழிமறித்துச் சொல்வதை யார் நம்புவார்கள்? "டீக் ஹை, அங்கிள்" என்று ஒப்புக்குச் சரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பிக் கடைக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். "நீங்க சொன்னா கேக்க மாட்டான் சார்" என்றாள். முதலாளியிடம் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் என்னோடு வந்தாள்.

கேட்டுக்கு வெளியே ராம்தீனை நிறுத்தினாள். ஒன்றும் விளக்கவில்லை. வலது கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள். மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது.

"தம்பி, இதே ஹால். இதே ஜாடூ" என்றாள் இந்தியில். "இனிமே தொடப்பத்தத் தொடாத. மொதல்ல தண்ணி தெளி, அப்புறம் ஈரத் துணி. அந்தச் சட்டையோட வீட்டுக்குப் போகாத. வீட்டுல புள்ள இருந்தா அந்தச் சட்டையோட தூக்காத. நாளைக்கு லீவு போட்டு ரத்தம் குடு. இவரு கூட்டிட்டுப் போவாரு." என்னைக் கேட்கவில்லை. எனக்கு வேலை கொடுத்தாள்.

கூட்டிப் போனேன். அவர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது, ஆனால் தொடக்கம்தான். மருந்தே வேண்டியிருக்காது, பொடியிலிருந்து விலகியிருந்தால் குறைந்துவிடும் என்றார் டாக்டர். அந்த அறிக்கையோடு நிர்வாகத்துக்கு எழுதினேன். இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாம் முறை, பொடியை உறிஞ்சும் சரியான இயந்திரம் வாங்கிவிட்டோம் என்று ஒரு வரி வந்தது. இப்போது மற்ற ரேஞ்சுகளின் வாசல்களுக்கும் போய் நிற்கிறேன். உங்கள் வாசலுக்கும் வருவேன். விதிப்பலகையைப் படிக்க வரமாட்டேன், அது எல்லா இடத்திலும் சரியாகவே இருக்கிறது. கூட்டுகிறவரின் பெயரைக் கேட்பேன். தெரிந்து வையுங்கள்.

அன்று ராம்தீனிடம் பேசி முடித்து நானும் செல்வியும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். ஐ.என்.ஏ. போகும் பஸ் வந்தது. நான் ஏறி, அவளுக்கு இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க சார்" என்றாள். "நான் அடுத்ததுல வர்றேன்."